கேட்டால்தான் மடி

ஜெனி விழுந்ததை நான் போனில்தான் பார்த்தேன்.

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு காலை. மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. நான் திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தேன். ஆவூர்ப் பக்கம் ஒரு சிற்றூரில், ஸ்டெல்லா தன் போனை மிக்ஸியின் மேல் சாய்த்து வைத்திருந்தாள். அந்தப் போன் எனக்குக் காட்டியது இவ்வளவுதான்: பாதிச் சுவர், சுவரில் மாதா படத்தின் கீழ்ப்பாதி, திறந்த கதவு, கதவுக்கு அப்பால் முதல் நாள் மழையில் ஈரமாகிக் கிடந்த சிமெண்டு வாசல்.

வாசலில் ஸ்டெல்லாவின் மகள் ஜெனி ஓடிக்கொண்டிருந்தாள். ஆறு வயது. குதிகால் தரையில் படாமல் விரல் நுனியிலேயே ஓடுவாள். ஓடியவள் வழுக்கி, படத்தைவிட்டே கீழே போனாள். விழுந்த சத்தம் கொஞ்சம் தாமதமாகத்தான் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

எழுந்தாள். முட்டியில் ரத்தம். அழுதுகொண்டே உள்ளே வந்தாள். கதவோரம் நின்ற அம்மாவை நோக்கி வந்தவள், இரண்டு முழம் தள்ளி நின்றுவிட்டாள். வலது கையை நீட்டி, உள்ளங்கையை விரித்து, அழுகைக்கு நடுவே ஒரு சொல் சொன்னாள்.

"தா."

ஸ்டெல்லா பிள்ளையைத் தூக்கவில்லை. திரும்பி, போன் வழியாக என்னைப் பார்த்தாள். தூக்கலாமா என்று அனுமதி கேட்கிற பார்வை.

அந்த நொடியில் சிக்னல் போய்ப் படம் அப்படியே நின்றுவிட்டது. நீட்டிய கையோடு பிள்ளை, என்னைப் பார்த்தபடி தாய், நடுவில் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன வட்டம். "தூக்குங்க, தூக்குங்க" என்று நான் மேசையைத் தட்டிக் கத்தியது எங்கள் தெருவுக்குக் கேட்டிருக்கும். கேட்க வேண்டியவளுக்குக் கேட்கவில்லை.

பெற்ற பிள்ளை ரத்தத்தோடு நிற்கும்போது ஒரு தாய் ஏன் டீச்சரிடம் அனுமதி கேட்க வேண்டும்? அதற்குக் காரணம் நான்தான். இந்தத் தொடரில் இதுவரை வெற்றிக் கதைகளாகவே எழுதித் தள்ளுகிறாய் என்று என் கணவர் போன வாரம் குத்திக்காட்டினார். இந்த வாரம் அந்தக் குறை தீரட்டும்.

ரிவர்ஸ் எடுக்கும் பிள்ளை

புதிதாகப் படிப்பவர்களுக்காக: நான் சிறப்பாசிரியர். காது கேளாத பிள்ளைகள், நடக்க முடியாத பிள்ளைகள், மூளை வளர்ச்சி வேறு மாதிரி அமைந்த பிள்ளைகள், இவர்களோடுதான் என் காலம் போயிற்று. வாரத்தில் நான்கு நாள் எங்கள் பயிற்சி மையத்துக்குத் தாய்மார்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டும், கையைப் பிடித்துக்கொண்டும் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. இதை நான் எங்கேயும் வருத்தமாகச் சொன்னதில்லை. அந்த நான்கு நாளும் யாராவது ஒரு பிள்ளை என் மடியில் இருக்கும். எச்சில் ஒழுகும், சேலையைப் பிய்க்கும், மூக்குக் கண்ணாடியைப் பறிக்கும். வீட்டுக்கு வந்தால் சேலையில் நல்லெண்ணெய் வாசமும் பிஸ்கட் தூளும் இருக்கும். அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஜெனி நான்கு வயதில் எங்களிடம் வந்தாள். ஆட்டிசம். பேச்சு இல்லை. முகத்தைப் பார்க்க மாட்டாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். அம்மா மேல் பாசமே இல்லாத பிள்ளை என்று உறவுக்காரர்கள் ஸ்டெல்லாவிடமே சொல்லியிருக்கிறார்கள். அப்படிச் சொன்னவர்கள் ஒரு மணி நேரம் அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து பார்க்காதவர்கள்.

ஜெனிக்கு மடி வேண்டும். அதை அவள் வாங்கிக்கொள்ளும் விதம்தான் வேறு. ஸ்டெல்லா தரையில் உட்கார்ந்திருந்தால், ஜெனி எங்கிருந்தோ முதுகைக் காட்டியபடி பின்னாலேயே நடந்து வருவாள். திரும்பிப் பார்க்க மாட்டாள். சரியாக மடிக்கு முன்னால் நின்று, பொத்தென்று உட்காருவாள். உட்கார்ந்ததும் அம்மாவின் இரண்டு கையையும் இழுத்துத் தன் வயிற்றின் மேல் இறுக்கிக்கொள்வாள். பிறகு சீலைத் தலைப்பை விரலிடுக்கில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருப்பாள்.

என் கணவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். ஒரு நாள் என்னைக் கூட்டிப்போக மையத்துக்கு வந்தவர் இதைப் பார்த்துவிட்டு, "நம்ம டெப்போவுல இவ்வளவு சுத்தமா ரிவர்ஸ் எடுக்குற டிரைவர் ஒருத்தர் கெடையாது" என்றார். ஸ்டெல்லா வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

அதற்கடுத்து எப்போதோ ஒரு முறை பிள்ளைகளையும் தாய்மார்களையும் வேனில் சித்தன்னவாசல் கூட்டிப்போனோம். ஓவியத்தை அண்ணாந்து பார்க்க எங்கள் கூட்டத்தில் யாருக்கும் பொறுமை இல்லை. ஜெனி குகை வாசலில் ஒரு தூணில் கன்னத்தை வைத்துக்கொண்டு அதன் குளிர்ச்சியிலேயே நின்றாள். பிய்த்துத்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. கீழே மரத்தடியில் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபோது, அத்தனை பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருக்க, ஜெனி பின்னாலேயே நடந்து வந்து, யாரையும் இடிக்காமல், தன் அம்மாவின் மடியில் போய் உட்கார்ந்தாள். முகமே பார்க்காத பிள்ளைக்கு முதுகில் கண் இருக்கிறதா என்று எல்லோரும் வியந்தோம்.

அந்தப் பயணத்தின் போட்டோ ஒன்று என்னிடம் இருக்கிறது. ஊரடங்கு நாட்களில் அதைப் பலமுறை எடுத்துப் பார்த்திருக்கிறேன்.

கண்டக்டரின் இடது கால்

பிறகு மையம் மூடப்பட்டது. பதினைந்து நாள் என்றார்கள், ஒரு மாதம் என்றார்கள். அப்புறம் சொல்வதையும் நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகளுக்குப் போனில் பயிற்சி கொடுங்கள் என்று உத்தரவு வந்தது.

போனில் எப்படிக் கால் நீட்டிவிடுவீர்கள் என்று ஒரு வாசகி எழுதிக் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. எங்கள் மையத்தின் இயன்முறை மருத்துவர் எழுதிக் கொடுத்த பயிற்சிகளைத் தாய்மார்களுக்குச் செய்து காட்ட எனக்கு ஒரு கால் தேவைப்பட்டது. வீட்டில் கிடைத்தது என் கணவரின் கால். வாழ்நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த மனிதரைப் பாயில் படுக்க வைத்து, இடது காலைத் தூக்கி, "இப்படி மடக்கணும், பத்து எண்ணணும்" என்று போனில் காட்டுவேன். அந்தப் பக்கம் தாய்மார்கள் வெட்கத்தோடு சிரிப்பார்கள். "வலது காலுக்கு லீவா?" என்று இவர் படுத்தபடியே கேட்பார்.

சிரிப்புக்குக் குறைவில்லை. ஆனால் அழைப்பு முடிந்து போனைக் கவிழ்த்து வைத்ததும் என் கைகளை என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது. முப்பது பிள்ளைகளின் முகம் போனில் வந்து போகும், ஒன்றின் எடைகூடத் தொடையில் இருக்காது. தலையணையை மடியில் வைத்துக்கொண்டு அடுத்த எண்ணை அழைப்பேன். இதை இதுவரை என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. இந்த வாரம் படித்துத் தெரிந்துகொள்வார்.

ஜெனிக்குச் செவ்வாயும் வெள்ளியும், பதினொன்றிலிருந்து பன்னிரண்டு. பன்னிரண்டு என்பதை நான் கடிகாரத்தில் பார்க்க வேண்டியதில்லை. அவர்கள் ஊர் மாதா கோயில் மணி போனிலேயே கேட்கும். மணி அடித்தால் ஸ்டெல்லா எந்த வேலையில் இருந்தாலும் எழுந்து நின்று, சிலுவை போட்டு, மூவேளை செபம் சொல்லுவாள். ஒருமுறை காய்ச்சலில் சுருண்டு படுத்திருந்தவள் அந்த மணிக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். கோயில் கதவு பூட்டிக் கிடந்த மாதங்களிலும் மணி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

"எல்லாத்துக்குமா டீச்சர்?"

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. பேசாத பிள்ளைக்குக் கேட்கக் கற்றுக்கொடுக்க வேண்டுமானால், அது விரும்பும் பொருளை உடனே கொடுத்துவிடக் கூடாது. கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் காத்திருக்க வேண்டும். பிள்ளை கையை நீட்டினாலோ, ஒரு சத்தம் எழுப்பினாலோ, அப்போது கொடுக்க வேண்டும். கேட்டால் கிடைக்கும் என்று பிள்ளைக்குப் புரிந்தால் பேச்சு வர வழி பிறக்கும்.

நல்ல விதிதான். அதை வைத்து எத்தனையோ பிள்ளைகளைத் தண்ணீர் கேட்க வைத்திருக்கிறேன். மையத்தில் நான் பக்கத்தில் இருப்பேன். எங்கே நிறுத்த வேண்டும் என்று என் கண்ணுக்குத் தெரியும். பிள்ளையின் உதடு கோணத் தொடங்கினால் கொடுத்துவிடுவேன்.

ஊரடங்கின் மூன்றாவது மாதமோ நான்காவது மாதமோ, இதை ஸ்டெல்லாவுக்குப் போனில் சொல்லிக் கொடுத்தேன். அவள் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். எதையும் எழுதிக்கொள்ளும் பெண். பிள்ளை இப்படிப் பிறந்ததற்குத் தன்னைத்தான் எல்லோரும் காரணம் சொல்வார்கள் என்று தெரிந்த தாய்மார்கள், டீச்சர் சொன்னதை டாக்டர் கொடுத்த மாத்திரை மாதிரி நேரம் தவறாமல் கடைப்பிடிப்பார்கள். கொஞ்சிக் கொஞ்சியே பிள்ளையைக் கெடுத்துவிட்டாள் என்று அவள் காதுபடவே பேசியிருக்கிறார்கள்.

எழுதி முடித்துவிட்டு அவள் நிமிர்ந்து ஒரு கேள்வி கேட்டாள்.

"எல்லாத்துக்குமா டீச்சர்?"

அடுத்த அழைப்புக்கு இன்னொரு தாய் காத்திருந்தாள். அவசரத்தில் சொன்னேன்: "எல்லாத்துக்கும்தான். கேட்டாத்தான் குடுக்கணும். எரக்கப்பட்டுராதீங்க."

கடலை மிட்டாய், பிஸ்கட், பந்து, தண்ணீர், இவைதான் என் மனதில் இருந்தவை. அவள் அந்த 'எல்லாத்துக்கும்' என்ற சொல்லை அப்படியே நோட்டில் எழுதி, கீழே கோடு போட்டுக்கொண்டாள். பிறகு அந்த நோட்டை நானே பார்த்தேன்.

குவைத்தில் வெள்ளிக்கிழமை

ஆறு வாரத்தில் ஜெனி பேசினாள்.

ஸ்டெல்லாவின் உள்ளங்கையில் கடலை மிட்டாய். ஜெனி கையை நீட்டினாள். ஸ்டெல்லா காத்திருந்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு போனையே பார்த்தேன். "தா" என்று வந்தது. ஆறு வயதில் அவள் வாயிலிருந்து வந்த முதல் சொல். ஸ்டெல்லா மிட்டாயைக் கொடுத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். என் கணவர் அடுக்களையிலிருந்து ஓடிவந்து, யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்.

பிறகு ஸ்டெல்லா எடுத்து அனுப்பிய வீடியோவை எங்கள் துறைக் குழுவில் போட்டேன். கைதட்டும் பொம்மைகளாக வந்து குவிந்தன. இணையவழிக் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. போனிலேயே ஒரு பிள்ளையைப் பேச வைத்தவள் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஜெனியின் அப்பா அந்தோணி குவைத்தில் ஏசி மெக்கானிக். அவருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்றைய அழைப்புகளில் அவரும் சேர்ந்துகொள்வார். ஒரு வெள்ளிக்கிழமை ஜெனி போனுக்கு அருகில் வந்து, அப்பாவின் முகம் தெரிந்த கட்டத்துக்கு நேராகக் கையை நீட்டி, "தா" என்றாள்.

அந்த மனிதர் தடுமாறிப்போனார். போன் வழியாக எதைக் கொடுப்பது? சுற்றும் முற்றும் தேடி, தட்டிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்துக் கேமராவின் முன்னால் நீட்டிப் பிடித்தார். ஜெனி போனின் கண்ணாடியை விரலால் சுரண்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அவர் அந்தப் பழத்தை நீட்டியபடியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். நான் என் பக்கத்துக் கேமராவை மூடிக்கொண்டேன்.

இந்த மகிழ்ச்சியிலெல்லாம் ஒன்றை நான் கவனிக்கவில்லை. என் கண்ணுக்குத் தெரிந்தது போனின் கட்டத்துக்குள் நடந்தது மட்டும்தான். பயிற்சி நடக்கும்போது ஸ்டெல்லா நாற்காலியில் இருப்பாள், ஜெனி எதிரே நிற்பாள். ஜெனி ரிவர்ஸ் எடுத்து வருவதைப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று என்று எனக்கு ஒருமுறைகூட உறைக்கவில்லை.

சுற்றிக்கொண்டிருந்த வட்டம்

இனி அந்தக் காலைக்குத் திரும்பலாம். படம் நின்றுபோனதும் மறுபடி மறுபடி அழைத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றே பதில் வந்தது. என் கணவர் ஒன்றும் கேட்காமல் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

போகும் வழியெல்லாம் எனக்குள் ஒரே கேள்விதான். தூக்கியிருப்பாளா?

வீட்டை அடைந்தபோது ஸ்டெல்லா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். ஜெனி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சுவரோரம் குந்தி, தன் முட்டியைத் தானே ஊதிக்கொண்டிருந்தாள். நான் முகக்கவசத்தோடு சற்றுத் தள்ளி நின்றேன். "ஜெனி ஆத்தா" என்று கூப்பிட்டேன். குரல் தெரிந்தது போல, எழுந்து உள்ளே போய், போனை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். டீச்சர் போனுக்குள் இருப்பவள். வாசலில் நிற்பவள் யாரோ.

ஓடிப்போய் அள்ளிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அந்த நாட்களில் அது முடியாது. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

தூக்கினீர்களா என்று ஸ்டெல்லாவிடம் கேட்டேன். அவள் தலையைக் குனிந்தபடி சொன்னாள்.

"நீங்க என்ன சொல்லப்போறீங்கன்னு போனையே பாத்தேன் டீச்சர். நீங்க ஒரு வெரலத் தூக்கிக்கிட்டு அசையாம இருந்தீங்க. சரி, பொறுன்னு சொல்றீங்க போல, இன்னொரு தடவை கேக்கட்டும்னு நின்னேன். அவ கேக்கல. கையைக் கீழ போட்டுட்டு அங்கிட்டுப் போயிட்டா."

அவளுடைய போனில் நானும் உறைந்து போயிருந்திருக்கிறேன். தூக்குங்கள் என்று சொல்ல எடுத்த விரல், பொறு என்று மிரட்டும் விரலாக அங்கே நின்றிருக்கிறது.

மெதுவாக மற்றதையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். விதியைச் சொல்லிக்கொடுத்த முதல் ஐந்தாறு நாள் ஜெனி வழக்கம்போலப் பின்னாலேயே நடந்து வந்திருக்கிறாள். கேட்டால்தான் கொடுக்க வேண்டும் என்று ஸ்டெல்லா நகர்ந்துகொண்டிருக்கிறாள். பிள்ளை மடி இருக்கும் என்று நம்பி உட்கார்ந்தது வெறும் தரையில். எழுந்து, மறுபடி பின்னால் வந்து, மறுபடி தரை. அதற்குப் பிறகு வருவதையே நிறுத்திவிட்டாள். அன்று விழுந்து, ரத்தம் வந்து, வலி தாங்காமல்தான் முதல்முறையாக மடியைக் கேட்டிருக்கிறாள். நான் கற்றுக்கொடுத்த சொல்லிலேயே கேட்டிருக்கிறாள். அதுவும் கிடைக்கவில்லை.

"என்கிட்ட ஏன் சொல்லலை ஸ்டெல்லா?" என்றேன்.

"அவளுக்குப் பேச்சு வருதுல்ல டீச்சர். அதான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். அஞ்சு மாசமா மடி வெறுமனே கெடக்கு. நான் அவளுக்கு டீச்சராயிட்டேன். அம்மாவா இருந்து எத்தனையோ நாளாச்சு."

நான் அந்த ஈரச் சிமெண்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். டீச்சர் மன்னிப்புக் கேட்பதைத் தாங்க முடியாமல் அவள் எழுந்து உள்ளே போய், எங்கள் இருவருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்தாள்.

கீரை ஆயும் நேரம்

அன்றோடு பயிற்சியை நிறுத்தினேன். மிட்டாய், காத்திருப்பு, வீடியோ, எல்லாவற்றையும். பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை தரையில் சம்மணம் போட்டு உட்காருங்கள், எதுவும் கேட்காதீர்கள், அவளைக் கூப்பிடாதீர்கள், மடியை மட்டும் விட்டுவையுங்கள் என்றேன். சும்மா உட்கார முடியாதே என்றாள் ஸ்டெல்லா. கீரை ஆய்ந்தால் போயிற்று என்றேன்.

செவ்வாயும் வெள்ளியும் அவள் அங்கே முருங்கைக்கீரை ஆய்வாள். நான் இங்கே அரைக்கீரை ஆய்வேன். போன் திறந்தே இருக்கும். இரண்டு பெண்கள், முப்பது கிலோமீட்டர் தள்ளி, பேச்சில்லாமல் இலை உருவிக்கொண்டிருப்போம். எங்கள் வீட்டில் வாரத்துக்கு இரண்டு நாள் கீரை என்று ஆனதில் என் கணவருக்குத்தான் வருத்தம்.

வாராந்திர அறிக்கைப் படிவத்தில் 'கற்பித்த திறன்' என்று ஒரு கட்டம் இருக்கும். கீரை ஆய்தல் என்று எழுதி அனுப்பினேன். யாருக்குக் கற்பித்தீர்கள் டீச்சர் என்று மேலிடத்திலிருந்து கேட்டார்கள். எனக்குத்தான் என்றேன்.

பயிற்சியை நிறுத்தியதற்கு விலை உண்டு. ஜெனியின் 'தா' நின்றுபோனது. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். சத்தமே இல்லை. அந்தோணி ஒரு வெள்ளிக்கிழமை தனியாக என்னை அழைத்தார். கோபமாகத்தான் தொடங்கினார். வந்த பேச்சை ஏன் நிறுத்தினீர்கள் என்றார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அந்தப் பக்கம் ஏசியை அணைக்கும் சத்தம் கேட்டது.

"நான் ஊருக்கு வர இன்னும் ரெண்டு வருசமாகும் டீச்சர்" என்றார். "வாரப்ப அவ அப்பான்னு ஒரு வார்த்த கூப்புடணும். அந்த ஆசையிலதான் இங்கிட்டுக் கெடக்கேன்."

பிறகு அவரே தொடர்ந்தார்.

"பரவாயில்ல. மொதல்ல ஸ்டெல்லாவுக்கு அவளத் திருப்பிக் குடுங்க. நான் இருந்துக்கிறேன்."

தான் ஏங்கியதைக் கையிலிருந்து எடுத்து மனைவிக்குக் கொடுத்த மனிதர் அவர். அவரை நான் இன்றுவரை நேரில் பார்த்ததில்லை.

ஜெனி உடனே வந்துவிடவில்லை. பிள்ளை ஒருமுறை தரையில் உட்கார்ந்து ஏமாந்தால் அதை லேசில் மறக்காது. முதலில் கதவோரம் நின்று பார்த்தாள். பிறகு ஒரு நாள் வந்து, ஒரு முருங்கைக் காம்பை எடுத்துக்கொண்டு ஓடினாள். மறுவாரம் ஸ்டெல்லாவின் முதுகோடு தன் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். ஸ்டெல்லா அசையாமல், கண்ணால் மட்டும் போனைப் பார்த்தாள். நானும் வாயைத் திறக்கவில்லை. கையில் இருந்த கீரையை மறந்து தண்டோடு சேர்த்து நறுக்கி வைத்தேன்.

மார்கழிக் குளிர் வந்தது. ஸ்டெல்லா வீட்டு வாசலில் காகித நட்சத்திரம் தொங்கியது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொன்றே முக்காலுக்கு ஜெனி கதவோரம் நின்றிருந்ததைப் பார்த்தேன். சட்டென்று போன் சரிந்தது. சத்தம் கேட்டது. படம் முழுக்கக் கறுப்பானது.

"ஸ்டெல்லா, போன் கவுந்துருச்சு. ஒண்ணும் தெரியலை" என்றேன்.

பதில் இல்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன், இல்லை. துணியைத் துணி தேய்க்கும் மெல்லிய சத்தம் வந்துகொண்டிருந்தது. எனக்குப் பழைய பயம் வந்தது. மறுபடி கூப்பிட்டேன்.

"எடுக்க முடியாது டீச்சர்" என்று மூச்சுக்காற்றாகக் குரல் வந்தது. "கை ரெண்டும் அவ வயித்து மேல இருக்கு."

எனக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

"கேட்டாளா?"

"கேக்கல டீச்சர். ரிவர்ஸ்லயே வந்து உக்காந்துட்டா."

என் மடியில் கீரைக்கட்டு கிடந்தது. அதை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு, கறுத்துக் கிடந்த போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். விரலிடுக்கில் துணி தேயும் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தேன். அங்கே இருக்க வேண்டும் போல, அவ்வளவு ஆசையாக இருந்தது.

பன்னிரண்டுக்குக் கோயில் மணி அடித்தது. ஸ்டெல்லா எழுந்திருக்கவில்லை.